மன்றம் கூடும் நேரம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோட்டுச்சேரிமேடு கடலை நம்பி வாழும் ஊர். வலையும் கட்டுமரமும் படகும் அறிந்த ஊர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய காரைக்கால் கரையில் அமைந்த ஊர். இத்தகைய ஊரில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடி வந்திருக்கிறது என்பது எளிய செய்தியன்று. இவ்விழாவில் 'கல்லூரி மன்றங்களும் ஊர் வாழ்வும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். கல்லூரியில் தமிழ் பயிற்றுவிப்பவள் என்ற முறையில் நாள்தோறும் என் கண்முன் நிற்கும் பொருள் இது. ஆகவே மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சுட்ட விரும்புகிறேன். உங்கள் வட்டத்திற்குப் பத்தாண்டு நினைவு உண்டு. முதல் கூட்டத்தில் கவிதை படித்தவர் இன்றும் இந்த அவையில் அமர்ந்திருக்கக்கூடும். கல்லூரி மன்றத்திற்கு அந்தப் பேறு இல்லை. மூன்றாண்டிலோ நான்காண்டிலோ அதன் உறுப்பினர் அனைவரும் வெளியேறிவிடுகின்றனர். கற்றுக்கொண்டவர் போய்விட, கல்லாதவர் வந்து சேர்கின்றனர். ஆற்றில் நீர் மாறினாலும் ஆறு நிலைப்பதற்குக் கரை வேண்டும். கல்லூரி மன்றத்திற்கு எது கரை? இக்கேள்வியே என் உரையின் மையம்.

மன்றம் என்னும் சொல்

மன்றம் என்ற சொல்லைச் சங்க இலக்கியம் எப்பொருளில் ஆண்டது என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரின் பொதுவிடம் அது. பெரும்பாலும் மரத்தடி. முதியோர் கூடி வழக்குரைத்த இடம். வழிநடந்து வந்த பாணரும் பொருநரும் சுமை இறக்கி இளைப்பாறிய இடம். மகளிர் குரவை அயர்ந்த இடம். பொதியில், அம்பலம் என்னும் சொற்களும் இப்பொருளுக்கு நெருக்கமானவை. இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு: அவை எவர் வீடும் அல்ல. வீட்டுக்குக் கதவுண்டு, மன்றத்துக்குக் கதவில்லை.

இந்தச் சொல்லைத்தான் நம் கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. தமிழ் மன்றம், வரலாற்று மன்றம், அறிவியல் மன்றம் என ஒவ்வொரு துறைக்கும் ஒரு மன்றம் இருக்கிறது. ஆனால் அவை நடைபெறும் முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு தொடக்க விழா; ஆண்டின் இறுதியில் ஒரு நிறைவு விழா. முதல் விழாவுக்கு ஒரு சிறப்பு விருந்தினர். இரண்டாம் விழாவுக்கு மற்றொரு சிறப்பு விருந்தினர். இரண்டிலும் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை. நடுவே பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, கவிதைப்போட்டி, வென்றோர்க்குச் சான்றிதழ். இவ்விரு விழாக்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மன்றம் எங்கே இருந்தது என்று கேட்டால் விடையிறுக்க எவருமிலர். தொடங்கியது, நிறைவுற்றது, நடக்கவில்லை.

விழாக்கள் வேண்டா என்று நான் சொல்லவில்லை. விழா என்பது நடந்த வாழ்வின் பூ. செடியே இல்லாத இடத்தில் பூவை மட்டும் ஊசியில் கோத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கவலை.

பேராதனையின் பாடம்

கல்லூரி வளாகத்தில் ஒரு மன்றம் உண்மையாகவே நடந்தால் என்ன விளையும் என்பதற்கு ஈழத்திலிருந்து ஒரு சான்று தருகிறேன்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தோன்றியது. 1952இல் மகாவலி ஆற்றங்கரையில் உள்ள பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே மாணவர் தமிழ்ச் சங்கம் இயங்கிற்று. 'இளங்கதிர்' என்னும் அதன் ஆண்டு மலர் எழுதப் பழகும் இளைஞர்க்கு ஏடாக விளங்கியது. தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை மாணவர் நடிப்பதற்கென்றே நாடகங்கள் எழுதினார். மேடைத்தமிழ் செந்தமிழாகவே இருக்க வேண்டும் என்று பலரும் கருதிய காலத்தில், யாழ்ப்பாணத்து வீடுகளில் பேசும் தமிழை அவர் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார்.

அவர் மாணவரும் பின்னர்ப் பேராசிரியராய் விளங்கியவருமான சு. வித்தியானந்தன் மேலும் ஓரடி சென்றார். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் சிற்றூர் மக்கள் விடிய விடிய ஆடிவந்த கூத்தைக் கற்றோர் பலர் பொருட்படுத்தாதிருந்த நேரம் அது. அதே பேராதனையில் 1956இல் சிங்கள மாணவரைக் கொண்டு எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை உருவாக்கி, நாட்டார் மரபிலிருந்து புதிய அரங்கம் பிறக்கும் எனக் காட்டியிருந்தார். வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபை வளாகத்துக்குள் கொணர்ந்தார். மாணவர் அண்ணாவியாரிடம் ஆட்டமும் தாளமும் பயின்றனர். இரவெல்லாம் நீளும் கூத்து ஓர் இருப்பில் பார்க்கும் அளவுக்குச் செறிவாக்கப்பட்டது. 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், வாலிவதை என அடுத்தடுத்து அரங்கேறின. இராவணேசனில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியராகித் தம் மாணவரைக் கொண்டு அந்நாடகத்தை மீண்டும் மேடையேற்றினார்.

இங்கே நாம் நோக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஊர்ப்புறத்திலிருந்து வந்த மாணவன் தன் ஊரின் கலையை வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டு வர நேரவில்லை. அதைக் கொண்டுவந்ததனாலேயே அவன் மதிக்கப்பட்டான். எழுத்தறிவு குறைந்தவரெனக் கருதப்பட்ட அண்ணாவியார் பல்கலைக்கழகத்தில் ஆசானாக நின்றார். இரண்டு, ஒத்திகை என்பது நாள்தோறும் நிகழ்வது. பல மாதம் ஒருவர் தோளை ஒருவர் உரசி ஆடிய பிறகே விழா வந்தது. அங்கே செடி இருந்தது. ஆகவே பூ பூத்தது.

மதுரையின் பாடம்

கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் மதுரையைச் சொல்லாமல் போனால் என்னை மன்னிக்கமாட்டீர்கள். கருமுத்து தியாகராசர் 1949இல் தோற்றுவித்த தியாகராசர் கல்லூரியில் சி. இலக்குவனார் போன்ற பேராசான்கள் தமிழ் பயிற்றினர். அப்துல் ரகுமான், மீரா, நா. காமராசன், இன்குலாப், மு. மேத்தா, கா. காளிமுத்து ஆகியோர் அக்கல்லூரி மாணவராக இருந்தவர்கள். 1965ஆம் ஆண்டின் மொழிப்போர் அந்த வகுப்பறைகளையும் தொட்டது. ஆசிரியரும் சிறை சென்றார், மாணவரும் சிறை சென்றனர்.

அவர்கள் பின்னர் என்ன செய்தனர் என்பதே என் பொருளுக்கு முதன்மையானது. தாங்கள் பெற்ற கூட்டுறவைத் தாங்கள் போன இடமெல்லாம் நட்டார்கள். மீரா சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரியில் பேராசிரியரானார்; ஒரு சிறு நகரத்திலிருந்தே 'அன்னம்' பதிப்பகத்தை நடத்திப் புதிய குரல்கள் பலவற்றை நூலாக்கினார். அப்துல் ரகுமான் வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றி இளங்கவிஞர்க்கு ஆதரவாய் நின்றார். இன்குலாப் சென்னைப் புதுக்கல்லூரியில் ஆசிரியரானார். கோவையில் 1971இல் 'வானம்பாடி' இதழ் எழுந்தபோது அதைச் சூழ்ந்து நின்றவருள் கல்லூரித் தமிழாசிரியர் பலர். புதுக்கவிதையின் ஒரு பெரும் கிளை, வகுப்பு முடிந்த பின்னரும் வீட்டுக்குப் போக மனமின்றிப் பேசிக்கொண்டிருந்த மாணவர் ஆசிரியர் கூட்டத்தில் கிளைத்தது என்றால் மிகையாகாது.

ஆறுக்குக் கரை எது என்று தொடக்கத்தில் கேட்டேனே, விடையின் ஒரு பகுதி இங்கே கிடைக்கிறது. மாணவர் போய்விடுவர், ஆசிரியர் இருப்பார், இதழ் இருக்கும், மன்றக் குறிப்பேடு இருக்கும், சூழ்ந்துள்ள ஊரும் இருக்கும். இவையே கரைகள். கரை உறுதியாக இருந்தால் நீர் மாறுவது குறையன்று.

வகுப்பு முடிந்த பின்

இப்போது ஒரு கேள்வி. 'வகுப்பு முடிந்த பின்னரும் வீட்டுக்குப் போகாமல்' என்று சொன்னேன். அப்படி நின்றுகொண்டிருக்க யாருக்கு இயலும்?

பேராதனை விடுதிகளோடு அமைந்த பல்கலைக்கழகம். இரவு ஒத்திகை முடிந்தால் நடந்து செல்லும் தொலைவில் உறங்க இடமுண்டு. மதுரைக் கவிஞர்கள் ஆண்கள். தேநீர்க் கடை வாயிலில் நள்ளிரவு வரை நின்று கவிதை பேசினாலும் எந்த வீட்டிலும் விளக்கேற்றிக் காத்திருந்து கலங்குவார் இலர். நான் மேலே அடுக்கிச் சொன்ன கவிஞர் பெயர்களுள் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். அது திறமைக் குறைவால் நேர்ந்ததா, நேரக் குறைவால் நேர்ந்ததா?

நம் காரைக்காலுக்கு வருகிறேன். ஔவையார் பெயரால் இங்கே அரசு மகளிர் கல்லூரி உண்டு. அறிஞர் அண்ணா பெயரால் அரசு கலைக் கல்லூரி உண்டு. செருமாவிலங்கையில் 1987 முதல் வேளாண் கல்லூரி உண்டு. நமக்கு அண்மையில் திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் வந்துவிட்டது. கல்விக்குக் குறைவில்லை. ஆனால் கலைக் கல்லூரிகளில் பயிலும் நம் பெண்களுள் பெரும்பாலோர் நாள்தோறும் வந்து போகிறவர்கள். நெடுங்காட்டிலிருந்தும் அம்பகரத்தூரிலிருந்தும் நிரவியிலிருந்தும் திருமலைராயன்பட்டினத்திலிருந்தும் வருகிறார்கள்; எல்லை கடந்து பொறையாறு, தரங்கம்பாடிப் பக்கமிருந்தும் வருகிறார்கள். மாலையில் கடைசி மணி அடிக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுகிறார்கள். அந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது என்பது தெரியாது, தெரிந்தாலும் இருட்டிவிடும். அம்மா மீன்கூடையோடு சந்தையிலிருந்து திரும்புமுன் உலை வைக்க வேண்டும். தம்பிக்குப் பாடம் சொல்ல வேண்டும்.

நம் மன்றங்கள் எப்போது கூடுகின்றன? 'வகுப்புகள் முடிந்த பின்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம். அந்த மூன்று சொற்களில் பாதி மாணவியரை வெளியே நிறுத்திவிடுகிறோம். கதவில்லாத மன்றத்துக்கு நேரத்தால் ஒரு கதவு போட்டுவிட்டோம். அதன் பிறகு, 'நம் பெண்களுக்கு ஆர்வமில்லை' என்று ஆண்டறிக்கையிலும் எழுதிவிடுகிறோம்.

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கடற்கரை ஊர்ப் பெண். மன்றக் கூட்டம் எதற்கும் அவள் வந்ததில்லை. ஒருநாள் நெய்தல் திணை நடத்திக்கொண்டிருந்தேன். காற்றைப் பற்றிய பேச்சு வந்தது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நான்கு திசைக்காற்றையும் பெயர் சொல்லி, எந்தக் காற்றில் கடல் எப்படி நிறம் மாறும், எந்தக் காற்றில் தந்தை தொழிலுக்குப் போகாமல் கரையில் அமர்ந்திருப்பார் என்று அவள் கால்மணி நேரம் பேசினாள். வகுப்பே அடங்கிக் கேட்டது. அதே மாணவியிடம் ஓர் ஆண்டுக்கு முன் போட்டிக்கென்று தலைப்புத் தந்திருந்தனர்: 'பெண்மையின் பெருமை'. அவள் ஒரு வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தாள். அவளிடம் இருந்ததை எவரும் கேட்கவில்லை; கேட்டது அவளிடம் இருந்ததன்று.

ஊரைக் கல்லூரிக்குள் அழைத்தல்

நம் கல்லூரிகள் இணைந்திருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் 1985இல் தோன்றியது. அதன் தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு துணிவான செயல் நடந்தது. கல்லூரியில் மாணவராய்க் கால் வைத்திராத கரிசல் காட்டு எழுத்தாளர் கி. ராஜநாராயணனை அது வருகைதரு பேராசிரியராக அழைத்தது. அவரை முன்னிட்டு நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் பணி நடந்தது. பட்டம் பெற்றவர்கள் பட்டம் பெறாதவரிடம் கற்றனர். பேராதனையில் அண்ணாவியாருக்குக் கிடைத்த இருக்கை இங்கே கதைசொல்லிக்குக் கிடைத்தது.

நாட்டு நலப்பணித் திட்டத்தையும் இங்கே நினைக்கலாம். காந்தியடிகள் நூற்றாண்டை ஒட்டி, 1969 செப்டம்பர் 24இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு அது தொடங்கிற்று. ஒரு மாணவர் ஈராண்டில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும்; ஏழு நாள் ஒரு சிற்றூரில் முகாமிட வேண்டும். நல்ல திட்டம். ஆனால் நம் முகாம்கள் பெரும்பாலும் தெருவைப் பெருக்குகின்றன, மரக்கன்று நடுகின்றன, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றன. திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் ஒரு தாலாட்டைக் கேட்டு எழுதிக்கொள்வதில்லை. ஊருக்குக் கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணம், ஊரிடம் பெறவும் ஏதோ இருக்கிறது என்பதை மறைத்துவிடுகிறது.

மாணவர் அமைப்பு என்றாலே அஞ்சும் நிருவாகங்களும் உண்டு. கூடினால் கிளர்ச்சி வரும் என்பது அவர்தம் கணக்கு. 1965 ஜனவரி 27இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்ததை நாம் மறக்கவில்லை. மாணவர் கூட்டத்துக்கு அரசியல் ஆற்றல் உண்டு என்பதும் உண்மையே. மாணவர் தேர்தலுக்கு வரம்பு கட்ட 2006இல் லிங்டோ குழு பரிந்துரைகள் தந்தது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. வரம்பு தேவைதான். ஆனால் வரம்பு வயலுக்குக் கட்டுவது. வயலையே இல்லாமல் ஆக்குவதற்கன்று. தம் கருத்தைப் பிறர்முன் எடுத்துரைக்கவும் மாறான கருத்தைப் பொறுமையாகக் கேட்கவும் பழகாத தலைமுறை, பட்டம் பெற்றாலும் ஊரின் பொதுக்காரியத்தில் வாய் திறவாது.

'இன்று கைப்பேசியிலேயே குழு இருக்கிறதே, மன்றம் எதற்கு' என்றும் சிலர் வினவுகின்றனர். கவிதையைக் கைப்பேசியில் அனுப்பலாம். உடனே கைதட்டும் படங்களும் வந்துவிடும். ஆனால் படிக்கும்போது எந்த அடியில் அவை அடங்கிற்று, எந்த அடியில் ஒருவர் தலை கவிழ்ந்தார் என்பதை அங்கே காண இயலாது. கவிஞர்களாகிய உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

என் வேண்டுகோள்

என் எண்ணங்களைத் திரட்டிச் சொல்கிறேன். மன்றம் கல்லூரியின் பாடவேளைக்குள் கூடவேண்டும். திங்களுக்கு இருமுறை, ஒரு பாடவேளை போதும். அதற்கு மாணவரே எழுதும் ஒரு குறிப்பேடு வேண்டும். யார் பேசினார், என்ன பேசினார், எங்கே மறுப்பு எழுந்தது என்பதெல்லாம் அதில் பதிய வேண்டும். அடுத்த ஆண்டு வருபவர் அதைப் படித்துத் தொடங்கட்டும். கையெழுத்து இதழ் ஒன்று வேண்டும். அச்சுச் செலவு இல்லை, எவர் இசைவும் தேவையில்லை. தலைப்புகள் ஊரிலிருந்து வரவேண்டும்: காற்றின் பெயர்கள், வலையின் வகைகள், காரைக்கால் பேச்சில் தங்கிவிட்ட பிரெஞ்சுச் சொற்கள், மாங்கனித் திருவிழாவில் பாட்டிமார் சொல்லும் கதைகள், நம் இசுலாமியக் குடும்பங்களில் வழங்கும் தாலாட்டுகள். எந்தப் பரிசும் வேண்டா. கேட்பதற்கு நாற்பது பேர் இருந்தால் அதுவே பரிசு.

இவை கல்லூரிக்கு. உங்கள் வட்டத்துக்கும் ஒன்று உண்டு. பத்தாண்டாக நீங்கள் கூடும் நேரம் மாலை விளக்கேற்றிய பின். தொழில் முடித்து வரும் ஆடவர்க்கு அது பொருந்தும். கல்லூரிப் பெண்களை ஏன் காணோம் என்று விழாக் குழுவினர் என்னிடம் கேட்டபோது, நேரத்தை மாற்றிப் பாருங்கள் என்றேன். இன்றைய விழாவைப் பகல் மூன்று மணிக்கு வைத்தீர்கள். என் மாணவியர் இத்தனை பேர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். இதற்கு மேல் சான்று வேண்டுமா?

காரைக்கால் என்றதும் தமிழுலகம் நினைப்பது புனிதவதியாரை, நம் அம்மையாரை. அந்தாதி யாப்பின் முன்னோடி. திருமுறையில் இடம்பெற்ற பெண்பாற் புலவர். அவர் வரலாற்றைச் சேக்கிழார் வழியே அறிவோம். கணவன் அகன்ற பின், அவனுக்கென்று தாங்கிய உடலை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்று, அதன் பிறகே அவர் ஊரையும் வீட்டையும் விட்டுத் திருவாலங்காடு வரை சென்று பாடினார். பத்தியின் பெருமையாக அதைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆயினும் ஒரு பெண் ஆசிரியை என்ற நிலையில் அந்தக் கதையைப் படிக்குந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் எழுகிறது. வீட்டை விட்டு வெளியே போய்ப் பாட, அன்று ஒரு பெண் தன் உருவையே இழக்க வேண்டியிருந்தது. இன்று அவ்வூர்ப் பெண் தன் உருவோடு, தன் பெயரோடு, பகல் வெளிச்சத்தில் மன்றத்துக்கு வந்து ஒரு கவிதை படித்துவிட்டு, தன் பேருந்தைப் பிடித்து வீடு சேர வேண்டும். இவ்வளவுதான் நாம் செய்து தர வேண்டியது. இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கடிகாரத்தைச் சற்றுத் திருப்பி வைத்தால் போதும்.

அடுத்த கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் இந்த மேடையிலேயே அறிவித்துவிட வேண்டும் என்று பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்தில் காற்றின் பெயர்களைப் பற்றிப் பேச ஒரு பெண்ணை நான் அழைத்து வருகிறேன். படிப்பை முடித்துவிட்டாள், இப்போது இந்தக் கரையிலேயே இருக்கிறாள். தலைமை தாங்கக் கடலோடி ஒருவரை நீங்கள் அழைத்து வாருங்கள்.